ஒரு சிட்டிகை என்றால் எவ்வளவு?

சமையலறையில் நாம் உபயோகிக்கும் அளவுகளைப் பற்றி என்றைக்காவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? கைப்பிடி அரிசி, எலுமிச்சங்காய் அளவு புளி, சுண்டைக்காய் அளவு வெல்லம், ஒரு சிட்டிகை பெருங்காயம்! இதில் தராசுக்கு இடமே கிடையாது. பாட்டி அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா நமக்குச் சொன்னாள். உப்பு கொஞ்சம் கூடிப்போனால் வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார். மோர் ஊற்றிச் சமாளித்துவிடலாம். அத்தோடு விஷயம் முடிந்தது.

ஆனால் 'சிட்டிகை' என்ற அந்த ஒரு வார்த்தை என்னை என்ன பாடு படுத்திவிட்டது என்பதைக் கேளுங்கள்.

சென்ற தை மாதம் ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், சேர்வராயன் மலையின் குளிர்ந்த காற்று முகத்தில் வந்து மோதும். ஏரிக்கரையை விட்டுச் சற்று விலகி, தோட்டத்துச் சாலை ஓரத்தில் ஓர் அம்மாள் ஆரஞ்சு ஸ்குவாஷ் விற்றுக்கொண்டிருந்தார். வாங்கிக் குடித்தேன். அமிர்தம்தான், போங்கள்! "இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். "கடைசியிலே கே.எம்.எஸ். ஒரு சிட்டிகை போட்டு மூடி வெச்சிருங்கம்மா, ஆறு மாசம் ஆனாலும் கெடாதுங்க" என்று முடித்தார்.

ஒரு பை நிறையக் கமலா ஆரஞ்சு வாங்கிக்கொண்டு சென்னைக்குத் திரும்பினேன். அந்தக் கே.எம்.எஸ். என்பதன் முழுப் பெயர் பொட்டாசியம் மெட்டா பை சல்பைட். பார்ப்பதற்கு உப்புத் தூள் மாதிரியே இருக்கும். ஒரு பாட்டில் ஸ்குவாஷ் தயாரித்தேன். ஒரு லிட்டர் வந்தது. சிட்டிகைதான் போட நினைத்தேன். ஆனால் இவ்வளவு பழமும் சர்க்கரையும் வீணாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பயந்தவள் கை தாராளமாகிவிடும் அல்லவா? தேக்கரண்டியில் கோபுரமாக எடுத்துப் போட்டுவிட்டேன். மூடியைத் திறந்தபோது தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு நெடி அடித்தது. 'மருந்து வாசனைதானே, போய்விடும்' என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரம் என் தங்கை தன் ஆறு வயதுப் பையனுடன் வந்தாள். குழந்தைக்கு இழுப்பு உண்டு. பெரியம்மா செய்த ஸ்குவாஷ் என்று ஆசையாகக் குடித்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இருமல் ஆரம்பித்தது. பிறகு மூச்சு விசில் அடித்தது. உதடு வெளுத்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். ஆவி மருந்து கொடுத்த பிறகு சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டான். "என்ன குடித்தான்?" என்று டாக்டர் கேட்டார். தங்கை மறுபடி வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டிலையே எடுத்து வந்தாள். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு போட்டீர்கள்?" என்றார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "அடுத்த முறை ஒரு தராசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து நான் இந்த விஷயத்தைத் துருவித் துருவிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

உணவு கெடாமல் காப்பது நமக்குப் புதிய வித்தையா என்ன? ஏற்காட்டிலேயே பாருங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற துரை 1820-களில் இந்த மலையில் காப்பியும் ஆரஞ்சும் பேரியும் கொண்டுவந்து வைத்தார் என்பது சரித்திரம். காப்பிப் பழத்தைப் பறித்துத் தோல் நீக்கிக் களத்தில் காயப் போடுகிறார்களே, அது எதற்கு? ஈரம் சுமார் 11 சதவிகிதத்துக்கு இறங்கிவிட்டால் பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த பச்சை மிளகைக் காய வைத்துக் கறுப்பாக்குவதும் அதே காரணத்துக்குத்தான். மலையடிவாரத்தில் சேலத்து ஜவ்வரிசியும் வெயிலில் உலர்ந்துதான் மூட்டைக்குள் போகிறது. வெயில்தான் உலகத்தின் முதல் பாதுகாப்புப் பொருள். அதற்குப் பில்லும் கிடையாது, விளம்பரமும் கிடையாது.

அடுத்தது உப்பும் சர்க்கரையும். கிருமிகளுக்கும் நம்மைப் போலத் தண்ணீர் வேண்டும். ஆவக்காயில் உப்பும், ஜாமில் சர்க்கரையும் அந்தத் தண்ணீரைத் தம் வசம் இழுத்து வைத்துக்கொள்கின்றன. கண் எதிரே தண்ணீர் இருந்தும் கிருமிக்குக் குடிக்கக் கிடைக்காது. ஜாமில் கரைந்த திடப்பொருள், பெரும்பாலும் சர்க்கரை, 68 சதவிகிதம் இருக்கவேண்டும் என்று பழைய சட்டம் சொன்னது இதனால்தான். இனிப்பைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது என்று நாம் சர்க்கரையைப் பாதியாக்கினால், ஜாமின் மேலே பூஞ்சை பூக்கும்.

நமது அரசாங்கத்தின் 1955-ம் வருஷத்து உணவுக் கலப்படத் தடை விதிகள் பாதுகாப்புப் பொருள்களை இரண்டு வகுப்புகளாகப் பிரித்தன. உப்பு, சர்க்கரை, தேன், வினிகர், சமையல் எண்ணெய், மிளகு முதலான மசாலாக்கள் எல்லாம் முதல் வகுப்பு. இவற்றுக்குத் தனி உச்சவரம்பு கிடையாது. அதாவது, நம் பாட்டியின் ஊறுகாய் ஜாடி முழுவதும் முதல் வகுப்புப் பிரயாணிகள்! பென்ஸோயிக் அமிலம், சல்பைட், ஸார்பிக் அமிலம், நைட்ரைட் போன்றவை இரண்டாம் வகுப்பு. இவற்றை எந்தப் பண்டத்தில் எவ்வளவு போடலாம் என்று கணக்கு உண்டு.

இந்த இரண்டாம் வகுப்பில் நமக்குப் பழக்கமான ஒரு முகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுச் சாம்பிராணி போடுகிறோம் அல்லவா? சுமத்ராத் தீவு முதலிய கீழ்த் திசை நாடுகளின் மரப்பிசின் அது. அராபிய வியாபாரிகள் அதை 'ஜாவாவின் குங்கிலியம்' என்று பொருள்படும் 'லுபான் ஜாவி' என்ற பெயரில் அழைத்தார்கள். அது ஐரோப்பியர் வாயில் திரிந்து திரிந்து 'பென்ஸாயின்' ஆயிற்று. அந்தப் பிசினிலிருந்து எடுத்ததால்தான் பென்ஸோயிக் அமிலத்துக்கு அந்தப் பெயர். அது பூஞ்சையை அடக்கும் என்பதை 1875-ல் கண்டுபிடித்தார்கள். இப்போது யாரும் பிசினைக் காய்ச்சுவதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுவீனைக் கொண்டு தொழிற்சாலையில் டன் கணக்கில் செய்கிறார்கள்.

இன்று இந்த வியாபாரத்தின் பெரிய சந்தையும் பெரிய பட்டறையும் ஆசியாதான். சிட்ரிக் அமிலத்தை ஒரு காலத்தில் எலுமிச்சையிலிருந்து எடுத்தார்கள். இப்போது ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்து எடுக்கிறார்கள். உலகத்திலேயே அதை அதிகமாகத் தயாரிப்பது சீனா. ஸார்பேட், பென்ஸோயேட் வியாபாரத்திலும் சீனாவுக்குப் பெரிய இடம். ஜப்பானில் வேறு வழியில் போனார்கள். ஒரு நுண்ணுயிரிலிருந்து 'பாலிலைஸின்' என்ற பொருளை 1977-ல் அங்கே கண்டுபிடித்து, பிற்பாடு சோற்றுப் பொட்டலங்களில்கூடச் சேர்க்க ஆரம்பித்தார்கள். இந்தியாவில் 1950-ல் மைசூரில் ஏற்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி ஸ்தாபனம், பழம் பதனிடும் முறைகளை ஆராய்ந்தும் கற்றுக் கொடுத்தும் வருகிறது.

இந்தத் தொழில் ஏன் இப்படி வளர்கிறது என்று கேட்டால், நம்மைப் பார்த்தே விரலை நீட்டலாம். புருஷனும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஊருக்கு ஊர் பெரிய கடைகள் வந்துவிட்டன. உறையைக் கிழித்துக் கல்லில் போட்டால் சப்பாத்தி. மூடியைத் திறந்தால் இஞ்சி பூண்டு விழுது. வாரக்கணக்கில் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பண்டத்துக்கு ஒரு காவல்காரன் வேண்டாமா? அந்தக் காவல்காரனுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் நாம்தான்.

ஆனால் காவல்காரனே இல்லாமலும் காரியம் நடக்கிறது என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி, சூட்டில் கிருமிகளைக் கொன்று, கிருமியில்லாத பைகளில் காற்றுப் புகாமல் அடைத்துவிடுகிறார்கள். அது கப்பலேறி அரபு நாடுகளுக்குப் போகிறது. அதில் இரண்டாம் வகுப்புப் பொருள் எதுவும் தேவையில்லை. சூடும் சுத்தமும் காவல் காக்கின்றன. கடையில் வாங்கும் இட்லி மாவுக்குக் குளிர்பெட்டி காவல்.

சரி, இந்தப் பொருள்கள் விஷமா, இல்லையா? நேரான பதில் இதுதான்: அளவுக்குள் காவல்காரன்; அளவு மீறினால் அவனே திருடன்.

என் ஸ்குவாஷையே எடுத்துக்கொள்வோம். சல்பைட் தூள் பழரசத்தின் புளிப்பில் கரைந்ததும் கந்தக வாயுவை விடுகிறது. எடையில் ஏறக்குறைய பாதி அந்த வாயுவாகிவிடும் என்பது கணக்கு. உலக உணவு ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 1974-ல் ஓர் அளவு சொன்னது. உடம்பின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒரு நாளைக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது அது. என் தங்கை பையன் 20 கிலோ. ஆகவே அவனுக்கு 14 மில்லிகிராம்.

நான் போட்டதோ சுமார் 5 கிராம். அதில் பாதி வாயு என்றால் 2,500 மில்லிகிராம். ஒரு டம்ளருக்கு 50 மில்லி ஸ்குவாஷ் விட்டுத் தண்ணீர் கலந்தேன். அப்படியானால் அந்த ஒரே டம்ளரில் 125 மில்லிகிராம்! குழந்தையின் ஒரு நாள் அளவைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன். 1955-ம் வருஷத்துப் பழப் பொருள் உத்தரவு ஸ்குவாஷில் ஒரு கிலோவுக்கு 350 மில்லிகிராம் கந்தக வாயு வரை அனுமதித்தது. அந்த உச்சவரம்பைத் தொடும் பாட்டிலில் 50 மில்லி எடுத்தால், சுமார் 20 மில்லிகிராம். அதாவது, சட்டப்படி சரியான பாட்டிலிலேயே ஒரு டம்ளர் குடித்தால், 20 கிலோ குழந்தைக்கு அந்தத் தினசரி அளவு தாண்டக்கூடும். தினசரி அளவு என்பது ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிடுவதற்குச் சொன்னது. என்றோ ஒரு நாள் தாண்டினால் ஆபத்து என்று பயப்பட வேண்டாம். ஆனால் தினம் இரண்டு டம்ளர் ஸ்குவாஷ் குழந்தைக்குப் பழக்கமாகிவிட வேண்டாம். ஐரோப்பிய நிபுணர்களும் 2022-ல் இதை மறுபடி ஆராய்ந்து, சல்பைட்டை அதிகமாக உட்கொள்பவர்கள் விஷயத்தில் கவலைக்கு இடமிருக்கிறது என்றே சொன்னார்கள்.

இழுப்பு உள்ளவர்களுக்கோ இந்தக் கணக்குகூடப் போதாது. அவர்களில் சிலருக்குக் கொஞ்சம் சல்பைட்டே மூச்சைப் பிடித்துவிடும். பச்சையாகச் சாப்பிடும் பழங்களிலும் காய்களிலும் சல்பைட் தெளிப்பதை அமெரிக்க அரசாங்கம் 1986-ல் தடை செய்ததற்கு இதுவே காரணம். நம் நாட்டிலும் ஒரு கிலோவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் உறையில் சொல்லவேண்டும் என்று விதி இருக்கிறது. பளபளவென்று மஞ்சளாக இருக்கும் உலர்ந்த ஆப்ரிகாட்டிலும் இது இருக்கும். வெயிலில் மட்டும் காய்ந்தது பழுப்பாகத்தான் இருக்கும். வெள்ளை வெளேரென்ற ஜவ்வரிசியைக் கண்டு மயங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். வெளுப்பதற்காக ரசாயனம் போட்ட மூட்டைகளைச் சேலத்தில் அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள். வெள்ளைக்காக நாம் கொடுக்கும் அதிகப் பணம்தான் அந்தக் குற்றத்துக்கு முதல்.

இத்தனையும் படித்த பிறகு, மறுபடி ஒரு முறை ஏற்காட்டுக்குப் போனேன். அந்த அம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயய்யோ, கொழந்த நல்லா இருக்குதுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு என்னை உள்ளே அழைத்துப் போனார். அடுப்புக்குப் பக்கத்தில், நகைக்கடையில் பார்ப்போமே, அதைப் போல ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு!

"சிட்டிகைன்னீங்களே?" என்றேன்.

"வாய்க்கு வந்தது சிட்டிகைங்கம்மா. கைக்கு இதுதானுங்க. லிட்டருக்கு அரைக்கு மேலே ஒரு புள்ளி, 0.6 கிராம். பயிற்சிக்குப் போனப்போ அந்த மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. உங்ககிட்ட நான்தான் சரியாச் சொல்லாம விட்டுட்டேன்" என்று வருத்தப்பட்டார். கேட்காமல் வந்தது நான், வருத்தப்பட்டது அவர்!

அவர் சொன்ன கணக்கை அப்படியே தருகிறேன். ஆரஞ்சு ரசம் 1 லிட்டர், சர்க்கரை ஒன்றே முக்கால் கிலோ, தண்ணீர் 1 லிட்டர், சிட்ரிக் அமிலம் 20 கிராம். சர்க்கரை, தண்ணீர், அமிலம் மூன்றையும் காய்ச்சி வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகு ரசத்தைச் சேர்க்கவேண்டும். சுமார் 3 லிட்டர் வரும். அதற்கு கே.எம்.எஸ். 2 கிராமுக்குள். அதைத் தனியாகக் கொஞ்சம் ஸ்குவாஷில் கரைத்துவிட்டு, பிறகு மொத்தத்திலும் கலக்கவேண்டும். பாட்டில் கொதிநீரில் போட்டு எடுத்ததாக இருக்கவேண்டும்.

புளிப்பு ஏன் என்று கேட்பீர்கள். சல்பைட்டும் பென்ஸோயேட்டும் புளிப்பில்தான் வேலை செய்யும். புளிப்பில்லாத பண்டத்தில் எவ்வளவு கொட்டினாலும் வீண். திராட்சை, நாவல் போன்ற சிவந்த பழங்களுக்கு சல்பைட் போட்டால் நிறம் வெளுத்துவிடும். அவற்றுக்கு சோடியம் பென்ஸோயேட் போடுவது வழக்கம். ஆனால் பென்ஸோயேட்டும் வைட்டமின் சி-யும் சேர்ந்த பானம் சூட்டிலும் வெளிச்சத்திலும் நெடுநாள் இருந்தால் சிறிது பென்ஸீன் என்ற கெடுதலான பொருள் உண்டாகலாம். அதனால் அந்தப் பாட்டில்களை ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி வைக்காதீர்கள்.

கடையில் வாங்கும்போது செய்யவேண்டியதும் அதிகமில்லை. உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'ஐ.என்.எஸ்.' என்ற எழுத்துக்களுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 202 என்றால் பொட்டாசியம் ஸார்பேட். 211 என்றால் சோடியம் பென்ஸோயேட். 282 என்றால் ரொட்டியில் போடும் கால்சியம் ப்ரோபியனேட். 220 முதல் 228 வரை பார்த்தால் அது சல்பைட் குடும்பம் என்று தெரிந்துகொள்ளலாம். வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் அந்த எண்களை மட்டும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011-ல் அமலுக்கு வந்த பிறகு, சிறு தயாரிப்பாளர்கள்கூடப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; அதற்கு 14 இலக்க எண் உண்டு. அந்த அம்மாளின் பாட்டிலிலும் அது இருந்தது. முதல் தடவை நான் பார்க்கவே இல்லை.

திரும்பும்போது அவர் இரண்டு பாட்டில் கொடுத்தார். ஒன்று வழக்கமான ஸ்குவாஷ். இன்னொன்றின் மேல் பேனாவால், 'மருந்து போடாதது. ஐஸ் பெட்டியில் வைக்கவும். ஒரு வாரத்துக்குள்' என்று எழுதியிருந்தது. "இது கொழந்தைக்கு" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பையன் அதை நாலே நாளில் காலி செய்துவிட்டான். இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு சின்னத் தராசு இருக்கிறது. பெருங்காயத்துக்கு இன்றும் சிட்டிகைதான். கே.எம்.எஸ். பொட்டலம் மட்டும் உப்பு ஜாடிக்கு எட்டாத தூரத்தில், மேல் தட்டில், பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது? இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.